ஆலை வேலையை விட்டு நிலக்காட்சிப் புகைப்படத்துக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலை, மின் நிலையம், சுரங்கம், சுத்திகரிப்பு நிலையம் என்று பல ஆண்டு ஓடிவிட்டு, இனி நிலக்காட்சிப் படமெடுப்பதே தொழில் என்று முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். வரி, ஓய்வூதியம், அனுமதி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் நாட்டு விதியோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. வேலையை விட்டுட்டு லேண்ட்ஸ்கேப் போட்டோ மட்டும் எடுத்து வாழ முடியுமா, முடியாதா?

படத்தை விற்று மட்டும் வாழ்பவர்கள் மிகச் சிலர். இந்தத் தொழிலில் நிலைத்தவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வருமானம் நாலைந்து பக்கமிருந்து வருவது தெரியும்: பிரிண்ட் விற்பனை, படங்களைப் பயன்படுத்துவதற்கான உரிமக் கட்டணம், பயிற்சி வகுப்புகள், விடுதிகளுக்கும் சுற்றுலா நிறுவனங்களுக்கும் செய்யும் ஒப்பந்த வேலை, அதோடு நிலக்காட்சிக்குச் சம்பந்தமே இல்லாத கட்டட, தொழிற்சாலைப் படங்கள். புகழ்பெற்ற அமெரிக்க நிலக்காட்சிப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ்கூடப் பல பத்தாண்டுகள் வணிக நிறுவனங்களுக்குப் படமெடுத்துக் கொடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டினார்.

ஸ்டாக் தளங்களை (பலரின் படங்களைச் சேர்த்து வைத்து விற்கும் இணையதளங்களை) நம்பித் திட்டம் போட வேண்டாம். அங்கே உங்கள் மலை உச்சிப் படம் அதே உச்சியின் ஆயிரக்கணக்கான படங்களோடு போட்டி போட வேண்டும்.

2. எப்ப ராஜினாமா கொடுக்கலாம்? கையில எவ்வளவு இருக்கணும்?

12 மாத வீட்டுச் செலவு ஒரு கணக்கில், 6 மாதத் தொழில் செலவு (பயணம், பிரிண்ட், காப்பீடு, மென்பொருள் சந்தா) தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். இரண்டையும் ஒன்றாக வைத்தால் முதல் நல்ல பனிமூட்ட வாரத்திலேயே வீட்டுப் பணம் பயணத்துக்குப் போய்விடும்.

சேமிப்பைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே ஒரு முழு ஆண்டு, நான்கு பருவமும் சேர்த்து, படத்தில் வரும் வரவைத் தனியாக எழுதி வையுங்கள். விழாக்காலத்தில் பிரிண்ட் நிறைய போகும், மற்ற மாதங்களில் ஒன்றும் நகராது. நல்ல மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்து வேலையை விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நிறுவனங்கள் பில் கொடுத்து 60, 90 நாள் கழித்துத்தான் பணம் தரும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்று பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

பணி முடிவில் வரும் மொத்தத் தொகையை கேமராவில் போடாதீர்கள். ஏன் என்று 5-வது பதிலில் சொல்லியிருக்கிறோம்.

3. லெட்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பார்த்துக்கணும்?

முதலில் உங்கள் நியமன ஒப்பந்தம். வேலையில் இருக்கும்போது வெளியில் சம்பாதிக்கத் தடை இருக்கிறதா, வளாகத்துக்குள் எடுத்த படம் யாருக்குச் சொந்தம், விலகிய பிறகும் நீடிக்கும் ரகசியக் காப்பு விதி உண்டா என்று வரிக்கு வரி படியுங்கள். மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடலாம். அதற்கு முன்பே சொந்தப் பாலிசி தொடங்கிவிட வேண்டும். வீட்டுக் கடன், வாகனக் கடன் ஏதாவது வேண்டியிருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடியுங்கள். பிறகு இரண்டு, மூன்று ஆண்டு வரிக் கணக்கு காட்டும்வரை வங்கிகள் தயங்கும்.

பாய்லர், கிரேன், வெல்டிங், உயர் அழுத்த மின்சாரம் போன்றவற்றுக்கான உரிமமோ சான்றிதழோ வைத்திருந்தால், காலாவதி தேதிகளைக் குறித்து வையுங்கள். அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது எதற்கு என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

4. எனக்கு ஐம்பது நெருங்குது. இது சின்னப் பசங்க வேலையில்லையா?

வேறு தொழிலிலிருந்து வருவது இந்தத் துறையில் புதிதல்ல. கேலன் ரோவல் கார் பழுதுபார்க்கும் தொழிலை 1972-இல் விற்றுவிட்டு முழுநேரமாக வந்தார். செபஸ்தியாவோ சல்காடோ பொருளாதார நிபுணர் வேலையை 1973-இல் விட்டார். எலியட் போர்ட்டர் ஹார்வர்டில் உயிர்வேதியியல் பணியை விட்டபோது வயது முப்பத்தேழு. ஐம்பதில் வருபவருக்கு இவர்களைவிடக் கூடுதலாக ஒரு சாதகம்: பிள்ளைகளின் படிப்புச் செலவு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

உடம்பைத்தான் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டு கான்கிரீட் தரையில் நின்ற முழங்கால், மலை ஏறும்போது தாங்கும், இறங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். பையின் எடையை 8 கிலோவுக்குள் வையுங்கள், இரண்டு நடைக்கோல் எடுத்துச் செல்லுங்கள். கிட்டப்பார்வை மங்கியிருந்தால் பின்திரையில் ஃபோகஸ் பார்க்கப் படிக்கும் கண்ணாடி தேவைப்படும்; அதைப் பையின் வெளிப்பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

5. இப்ப இருக்கிற கேமராவே போதுமா, ஃபுல் ஃபிரேம் வாங்கிடட்டுமா?

கடந்த பத்தாண்டுக்குள் வந்த, 24 மெகாபிக்சல் சென்சார் உள்ள எந்த கேமராவும் தொடங்கப் போதும்; ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ. அளவுள்ள பெரிய சென்சார்) கட்டாயமில்லை. 6000 × 4000 புள்ளிகள் என்பது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20 × 13 அங்குலப் பிரிண்ட். 200 புள்ளிக்கு இறக்கினால் 30 × 20. சுவரில் மாட்டி இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு 200 தாராளம்.

பணம் இருந்தால் வரிசை இது: நல்ல ட்ரைபாட், பிறகு ஒரு வட்டத் துருவ ஃபில்டர் (பளபளப்பைக் குறைப்பது), பிறகு பயணச் செலவு, அதற்கும் பிறகுதான் புதிய கேமரா. அதே இடத்துக்குப் பத்து முறை போகும் பணத்தில் ஒரு கேமரா பாடி வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

6. ட்ரைபாட்ல வச்சுத்தான் எடுக்கிறேன், அப்படியும் படம் லேசா அசையுது. ஏன்?

இயந்திர அதிர்வை அலசிப் பழகியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். நடுத்தண்டை உயர்த்தியிருந்தால் இறக்குங்கள். அது மூன்று காலை ஒரு காலாக்கிவிடும். கால்களை விரிக்கும்போது தடித்த மேல் பகுதியை முதலில் நீட்டி, மெலிந்த கடைசிப் பகுதியைத் தேவைப்பட்டால் மட்டும் இழுங்கள். காற்றில் பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அது ஊசலாடி நிலைமையைக் கெடுக்கும். பையின் அடி தரையைத் தொடும்படி தொங்கவிட வேண்டும். 2 விநாடி டைமர் வையுங்கள், 200 மி.மீட்டருக்கு மேற்பட்ட லென்ஸில் அதையும் 5 ஆக்குங்கள். பழைய லென்ஸ்களில் நடுக்கக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுங்கள். இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே அசைக்கும்.

கடற்கரையில் மட்டும் முறை தலைகீழ். கடைசிப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி, பூட்டு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். மணல் பூட்டின் மரைக்குள் போனால் அரைத்துவிடும். வீடு திரும்பிய அன்றே கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, மரையில் மெல்லிய கிரீஸ் தடவுங்கள்.

7. முன்னாடி இருக்கிற பாறை, பின்னாடி இருக்கிற மலை, ரெண்டும் ஒண்ணா ஷார்ப்பா வரமாட்டேங்குது.

லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கும் எஃப்/22-க்குப் போவதுதான் வழக்கமான முதல் முயற்சி. அவ்வளவு சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். ஃபுல் ஃபிரேமில் எஃப்/8 முதல் எஃப்/13 வரை நில்லுங்கள். 24 மி.மீ. லென்ஸில் எஃப்/11 வைத்துச் சுமார் 1.8 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 90 செ.மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும்.

இந்தக் கணக்கு சிறிய பிரிண்டுக்கானது. பெரிய பிரிண்டில் அடிவானம் சற்றே தளர்ந்து தெரியும், அதனால் கணக்கைவிடக் கொஞ்சம் தள்ளியே ஃபோகஸ் செய்வது நல்லது. பாறை 50 செ.மீட்டரில் இருந்தால் ஒரே படத்தில் முயல வேண்டாம். பாறைக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என மூன்று படம் எடுத்து மென்பொருளில் அடுக்குங்கள். காற்றில் புல் ஆடினால் இந்த முறை சொதப்பும்; புல் வரும் படத்தை ஒரே ஷாட்டாக வைத்துக்கொள்ள வேண்டும்.

8. நான் போற நாளெல்லாம் வானம் வெறுமையா இருக்கு. மத்தவங்களுக்கு மட்டும் எப்படி வெளிச்சம் அமையுது?

பாதி கணக்கு, பாதி திரும்பத் திரும்பப் போவது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. தன் அகலமான அரைப் பாகையை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். இரு மலைக்கு நடுவே சூரியன் எழும் படம் வேண்டுமென்றால் நீங்கள் நிற்கும் இடம் சில பத்து மீட்டர் பிசகினாலும் போச்சு. உதய திசை ஆண்டு முழுவதும் மாறும். இரவும் பகலும் சமமாகும் நாட்களில்தான் நேர் கிழக்கு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போகும்வரை வானில் நிறம் இருக்கும், எனவே மறைந்த உடனே பையைக் கட்டாதீர்கள்.

நிலவோடு நிலத்தையும் எடுக்க முழுநிலவுக்கு முந்தைய நாள் பாருங்கள். அன்று சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே நிலவு எழுந்துவிடும், நிலத்திலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். மறுநாட்களில் சராசரியாக 50 நிமிடம் தள்ளித் தள்ளிப் போய்விடும்.

இதில் ஷிப்ட் ஆட்களுக்கு ஒரு வசதி. விடிகாலை மூன்றரைக்கு எழுவதோ, நாலு மணி நேரம் ஒன்றும் நடக்காமல் விழிப்போடு காத்திருப்பதோ உங்களுக்குப் புதிதல்ல. ஷிப்ட் லாக் எழுதிய பழக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் தேதி, நேரம், மேகம், காற்றின் திசை, நீர்மட்டம் என்று ஒரு குறிப்பேடு வையுங்கள். இரண்டாம் ஆண்டில் அந்தக் குறிப்பேடு எந்தச் செயலியையும்விட நன்றாகச் சொல்லும்.

9. வானம் வெளுத்துப் போகுது, இல்லேன்னா தரை கறுத்துப் போகுது. ஃபில்டர்தான் வழியா?

ரா ஃபைலில் (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பில்) எடுங்கள். பின்திரை காட்டும் படத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தை) பாருங்கள். வலது ஓரத்தில் முட்டி வெட்டுப்பட்ட வெளிச்சம் திரும்பி வராது. இருட்டை ஓரளவு மீட்கலாம். அதனால் முக்கியமான மேகம் வெட்டுப்படாத அளவுக்கு வெளிச்சத்தை வைத்து, நிழலைப் பிறகு உயர்த்துங்கள். இடைவெளி அதிகமென்றால் இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) மூன்று படம் எடுத்து இணைக்கலாம்.

துருவ ஃபில்டர் வானத்தை ஆழமாக்கும், ஆனால் சூரியனுக்கு 90 பாகை பக்கவாட்டில்தான் அதன் வேலை முழுமை. 20 மி.மீ. போன்ற அகல லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகித் திட்டாக நிற்கும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. வானவில் எடுக்கும்போது ஃபில்டரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தவறான கோணத்தில் வானவில்லே மறைந்துவிடும்.

10. தண்ணியைப் பால் மாதிரி எடுக்க 10 ஸ்டாப் ஃபில்டர் வாங்கணுமா?

அருவிக்கும் அலைக்கும் 6 ஸ்டாப் போதும். அது வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும். 1/30 விநாடி ஷட்டர் நேரம் சுமார் 2 விநாடியாகும். அலையின் வடிவம் தங்க அரை விநாடி முதல் 2 விநாடி வரை போதும், அதற்கு மேல் வெறும் மூடுபனிதான். 10 ஸ்டாப் என்பது சுமார் 1000 மடங்கு. அதே 1/30 விநாடி 34 விநாடியாகிவிடும். மேகம் ஓடும் கோடு வேண்டும்போது அதை எடுங்கள். ஃபோகஸை ஃபில்டர் போடுவதற்கு முன்பே முடித்து மேனுவலில் பூட்டுங்கள். கண்ணாடி வழிப் பார்வை உள்ள பழைய கேமராவானால் (டி.எஸ்.எல்.ஆர்.) வியூஃபைண்டரையும் மூடுங்கள், பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் கசியும்.

11. குளிர்லயும் ஈரத்துலயும் கேமரா கெட்டுப் போகுமா?

குளிர் பெரும்பாலும் பேட்டரியைத்தான் தாக்கும். உபரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். ஆபத்து திரும்பி வரும்போதுதான்: குளிர்ந்த கேமராவைக் கதகதப்பான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் உள்ளேயும் வெளியேயும் நீர் பூக்கும். வெளியிலேயே காற்றுப்புகாத பையில் மூடி, உள்ளே வந்து ஒன்றிரண்டு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். மெமரி கார்டை முன்பே எடுத்துக்கொண்டால் பை திறக்கும் ஆசை வராது.

ஈரமான ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். 40–50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் உலர் பெட்டியோ, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவோ அவசியம்.

12. ஸ்கிரீன்ல அருமையா இருக்கு, பிரிண்ட் இருட்டா வருது. லேப் மேல தப்பா?

அநேகமாக உங்கள் திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருக்கிறது. ஆலையில் அளவி திருத்தாமல் ரீடிங் எழுத மாட்டீர்கள், இங்கும் அதேதான். திரை அளவி ஒன்றை வாங்கி, பிரகாசத்தை ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா என்ற வரம்புக்குள் இறக்கி, மாதம் ஒருமுறை திருத்துங்கள். லேபிடமிருந்து அந்தத் தாளுக்கான வண்ணக் கோப்பை (ஐ.சி.சி. புரொஃபைலை) வாங்கி மென்பொருளில் முன்னோட்டம் பாருங்கள். முதல் பெரிய பிரிண்டுக்கு முன் அதே தாளில் ஒரு துண்டு மட்டும் சோதனையாக எடுத்துப் பார்ப்பது, முழுப் பிரிண்ட் வீணாவதைவிட எப்போதும் மலிவு.

13. பிரிண்டுக்கு என்ன விலை வைக்கிறது? நண்பர்கள் ஓசியில கேக்கறாங்க.

உற்பத்திச் செலவு போடத் தெரிந்தவர்கள் இங்கே மட்டும் ஏனோ கூச்சப்படுகிறார்கள். தாள், மை அல்லது லேப் கட்டணம், சட்டம், பொதி, சேதாரம் எல்லாம் நேரடிச் செலவு. பயணம், கேமராத் தேய்மானம், காப்பீடு, மென்பொருள் ஆகியவற்றை ஆண்டுக்குக் கூட்டி, விற்கும் என்று நம்பக்கூடிய பிரிண்ட் எண்ணிக்கையால் வகுங்கள். அதற்கு மேல் உங்கள் உழைப்பு. கேலரி விற்பனை விலையில் பாதிவரை எடுத்துக்கொள்வது சாதாரணம், எனவே கேலரி விலையையே உங்கள் சொந்த விலையாகவும் வையுங்கள். குறைத்து விற்றால் அவர்கள் அடுத்த முறை சுவர் தர மாட்டார்கள்.

குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு என்று 25 அறிவித்தால் 25-தான். வேறு அளவில் எடுத்தால் அது தனிப் பதிப்பா என்பதையும் முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். நண்பர்களுக்குச் சிறிய அளவு அஞ்சலட்டை கொடுங்கள், பெரிய பிரிண்ட் விலைக்குத்தான்.

14. ஒரு கம்பெனி படத்தை “மொத்தமா வாங்கிக்கிறோம்”னு சொல்லுது. நல்லதுதானே?

தொகையைப் பார்ப்பதற்கு முன் ஐந்து விஷயம் கேளுங்கள்: எதில் பயன்படுத்துவார்கள், எத்தனை காலம், எந்தெந்த நாடுகளில், வேறு யாருக்கும் நீங்கள் தரக்கூடாதா, படத்தை மாற்றவோ வெட்டவோ உரிமை கேட்கிறார்களா. பெரும்பாலும் அவர்களுக்குத் தேவை ஓர் ஆண்டு இணையதளமும் ஒரு சிறு கையேடும்தான். மொத்த உரிமை என்பது அவர்களின் பழைய ஒப்பந்தப் படிவத்தில் இருக்கும் வரி. தேவைக்கு மட்டும் உரிமம் எழுதிக் கொடுத்தால் படம் உங்களிடமே இருக்கும், அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் வருவார்கள். ரா ஃபைலை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள். அதுதான் படம் உங்களுடையது என்பதற்குச் சாட்சி.

15. வானத்தை மாத்தி ஒட்டினா தப்பா?

அலங்காரத்துக்கு விற்கிறீர்கள், வாங்குபவரிடம் சொல்லியும்விட்டீர்கள் என்றால் தப்பில்லை. போட்டிகளிலும் இயற்கை இதழ்களிலும் பெரும்பாலும் ரா ஃபைல் கேட்பார்கள், அங்கே தகுதி போய்விடும். நிழலின் திசையும் நீரில் தெரியும் பிம்பமும் புதிய வானத்தோடு ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுப்பதும் வழக்கம்.

16. பழைய ஆலையிலிருந்தே போட்டோ வேலை வருது. திரும்ப அங்கேயே போகணுமான்னு இருக்கு.

போங்கள். 1-வது பதிலில் சொன்ன வருமானங்களில் உங்களுக்கு மிக எளிதாகக் கிடைக்கக்கூடியது இதுதான். ஹெல்மெட் எங்கே போட வேண்டும், எந்தப் படத்தில் பாதுகாப்பு மீறல் தெரிந்து நிர்வாகம் நிராகரிக்கும் என்பதெல்லாம் வெளியிலிருந்து வரும் படக்காரருக்குத் தெரியாது. ஓர் எச்சரிக்கை: எரிவாயு, கரைப்பான் ஆவி இருக்கக்கூடிய பகுதியில் சாதாரண கேமராவும் ஃபிளாஷும் தீப்பொறி மூலங்கள். பழகிய இடம், தெரிந்த சூப்பர்வைசர் என்று உரிமையோடு நுழையாமல், எரிவாயு சோதனையும் வேலை அனுமதிச் சீட்டும் முடிந்த பிறகே கேமராவை எடுங்கள்.

17. அந்த ஆலையையே நிலக்காட்சியா எடுத்தா யாராவது மதிப்பாங்களா?

ஜெர்மன் படக்காரர்களான பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் ஊதுலைகளையும் நீர்த்தொட்டிகளையும் ஒரே மாதிரி மந்தமான வெளிச்சத்தில், நேர்முகமாக எடுத்து வரிசை வரிசையாக வைத்தார்கள். 1975-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் நடந்த ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ கண்காட்சி, மனிதன் மாற்றிய நிலத்தையே பொருளாக எடுத்துக்கொண்டது. அதில் அவர்களும் இருந்தார்கள். சாம்பல் குளம், கைவிட்ட சுரங்கம், புகைபோக்கிக்குப் பின்னால் இருக்கும் குன்று ஆகியவை எந்த மணிக்கு எப்படித் தெரியும் என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர் குறைவு. எல்லோரும் எடுத்த ஏரியைவிட இது உங்கள் பெயரை நிறுத்தும் என்பது எங்கள் கணிப்பு.

பொதுவழியிலிருந்து எடுத்தாலும் சில நாடுகளில் மின் நிலையம், துறைமுகம், அணை ஆகியவற்றைப் படமெடுக்கத் தடை உண்டு. 3-வது பதிலில் சொன்ன ரகசியக் காப்பு விதியும் இங்கேதான் குறுக்கே வரும்.

18. வேலையை விட்டு எட்டு மாசம் ஆச்சு. கேமராவைத் தொடவே மனசு வரலை. என்ன பண்றது?

அடிக்கடி கேட்கிறார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. ஷிப்ட், சங்கு, மதிய இடைவேளை என்று நாளை யாரோ வகுத்துக் கொடுத்த வாழ்க்கை நின்றதும் வரும் தளர்ச்சி இது. கூடவே, முன்பு ஓய்வாக இருந்த விஷயம் இப்போது மாத வாடகையைக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. வாரத்தில் இரண்டு காலை படத்துக்கு, இரண்டு நாள் பில், மின்னஞ்சல், பிரிண்டுக்கு, ஒரு நாள் முழு விடுப்பு என்று அட்டவணை எழுதி ஒட்டுங்கள். விற்கவே விற்காத ஒரு வரிசைப் படத்தையும் தொடருங்கள், உங்களுக்காக மட்டும். தூக்கமும் பசியும் போய், பல வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அட்டவணையால் அது சரியாகாது.

19. சரிப்படலைன்னா திரும்ப வேலைக்குப் போக முடியுமா?

கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர்களால் முடியும். 3-வது பதிலில் குறித்து வைக்கச் சொன்ன உரிமங்களைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். சிலவற்றுக்கு ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை செய்ததற்கான சான்று கேட்பார்கள். பெரும் ஆலைகள் ஆண்டுப் பராமரிப்புக்காக இயந்திரங்களை நிறுத்தும் சில வாரங்களில் அனுபவசாலிகளை ஒப்பந்தத்தில் எடுப்பது வழக்கம். ஆண்டுக்கு ஒரு ஷட்டவுன் வேலை செய்தால் உரிமமும் உயிரோடு இருக்கும், பழைய தொடர்பும் அறாது, 2-வது பதிலில் சொன்ன சேமிப்பிலும் சில மாதம் கூடும். அந்த வாரங்களை ஒப்புக்கொள்ளும் முன், உங்கள் குறிப்பேட்டில் நல்ல வெளிச்சம் என்று குறித்த பருவத்தோடு மோதுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மோதாது, நிர்வாகங்கள் ஷட்டவுனை மாதக்கணக்கில் முன்பே திட்டமிடுவதால் தேதியைக் கேட்டு வாங்கிவிடலாம்.